ஃபிரசேரா உலர்மாதிரிகள்: மொஹாவி மலைகளின் பதிவுகளில் தெரியும் இடைவெளியை எப்படிப் படிப்பது?

வெள்ளறுகு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். உலர்தாவரத் தாள்களின் (செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டிய தாள்களின்) ஒளிப்படங்களைப் பார்த்து, அவற்றில் ஒட்டப்பட்டுள்ள சீட்டுகளின் எழுத்தைத் தட்டச்சு செய்து தரும் தன்னார்வப் பணியை நோட்ஸ் ஃப்ரம் நேச்சர் தளத்தின் வழியே சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அண்மையில் எனக்கு வந்த தொகுதியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா, நெவாடா மாநிலங்களில் உள்ள மொஹாவி பாலைவனத்தின் மலைகளில் எடுக்கப்பட்ட ஜென்ஷியன் குடும்பத் தாவரங்கள் பல இருந்தன. அவற்றுள் ஒன்று என் மனத்தில் தங்கிவிட்டது. இலையின் விளிம்பு முழுவதும் மெல்லிய வெள்ளைக் கோடு ஓட, பசுமை கலந்த வெண்ணிறப் பூவில் கரும்புள்ளிகள் தெளித்திருக்கும் ஃபிரசேரா ஆல்போமார்ஜினாட்டா என்னும் செடிதான் அது. நம் ஊர்க் காய்ந்த தரைகளில் முளைக்கும் வெள்ளறுகும் இதே குடும்பம் என்பதால் (என் பயனர்பெயர் அதன் நினைவாக வைத்ததே) இந்தப் பாலைவன உறவினர்மீது எனக்குக் கூடுதல் பற்று உண்டாகிவிட்டது.

தட்டச்சுப் பணியோடு நிற்காமல், பொதுவில் கிடைக்கும் கலிஃபோர்னிய உலர்தாவரகங்களின் (இத்தகைய தாள்களைச் சேர்த்துக் காக்கும் நிறுவனங்களின்) கூட்டுத் தரவுத்தளத்திலிருந்து இந்தச் சிற்றினத்தின் பதிவுகளை இறக்கி ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தேன். மூன்று இடங்களில் தடுமாறி நிற்கிறேன். முதலாவதாக, நான் படித்த தாள்கள் சிலவற்றில் இதே செடி ஸ்வெர்ஷியா என்னும் பெயரில் இருக்கிறது. ஒரே தாளிலேயே இரண்டு பெயர்களும் வெவ்வேறு கையெழுத்தில் இருப்பதையும் கண்டேன். இரண்டாவதாக, பழைய சீட்டுகளில் மலையின் பெயரும் உயரமும் மட்டுமே உள்ளன. ஆனால் தரவுத்தளம் அவற்றை வரைபடத்தில் ஒரு துல்லியமான புள்ளியாகக் காட்டுகிறது. மூன்றாவதுதான் என்னை உண்மையில் வருத்துகிறது. ஒரு மலைத்தொடரில் சில பத்தாண்டுகளில் பதிவுகள் கொத்தாக வந்துவிட்டு, அதன்பின் நெடுங்காலம் ஒன்றுமே இல்லை. அந்த மலையிலிருந்து இந்தச் செடி அழிந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? இந்த மலைகளை நான் நேரில் கண்டதில்லை. காணும் வாய்ப்பும் இல்லை. தாள்களை வைத்து மட்டும் எவ்வளவு தூரம் பேசலாம் என்பதை அறிந்தவர்கள் சொல்லித்தர வேண்டுகிறேன்.

தாளறை எழுதியது:

ஐயா, வணக்கம். உலர்தாவரகம் ஒன்றில் தாள்களை அடுக்கிக் காக்கும் பணியில் இருக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன். மற்ற இரண்டையும் என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஃபிரசேரா என்ற பேரினத்தை தாமஸ் வால்ட்டர் 1788இல், ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஃபிரேசர் என்னும் தாவரச் சேகரிப்பாளரின் பெயரால் நிறுவினார். நீங்கள் குறிப்பிடும் சிற்றினத்துக்கு 1871இல் செரினோ வாட்சன் பெயரிட்டார். அதன்பின் இந்தச் செடி நெடுநாள் ஒரு வீட்டில் நிலையாகத் தங்கவில்லை. 1891இல் ஓட்டோ குன்ட்சே இதை ஸ்வெர்ஷியாவுக்கு மாற்றினார். ரைட்பெர்க் லியூகோகிராஸ்பெடம் என்ற தனிப் பேரினத்தையே இதற்காக உண்டாக்கினார். 1931இல் ஹேசல் கார்ட் ஃபிரசேராவை முழுமையாக மீளாய்வு செய்து இதை மீண்டும் அங்கேயே வைத்தார். பத்தாண்டுகள் கழித்து, 1941இல், ஹெரால்ட் செயின்ட் ஜான் அமெரிக்கச் சிற்றினங்கள் அனைத்தையும் ஸ்வெர்ஷியாவுக்குள் கொண்டுவந்தார். கலிஃபோர்னியாவின் பொதுத் தாவரக் கையேடான ஜெப்சன் நூலின் 1993ஆம் ஆண்டுப் பதிப்பு ஸ்வெர்ஷியா என்றும், 2012ஆம் ஆண்டுப் பதிப்பு ஃபிரசேரா என்றும் எழுதுகின்றன. இந்தக் கடைசி மாற்றத்துக்குப் பின்னால் மரபணு ஆய்வுகள் இருக்கின்றன. பரந்த பொருளில் வழங்கிய ஸ்வெர்ஷியா ஒரே கிளையிலிருந்து வந்த கூட்டம் அன்று என்பதை அவை காட்டின. அதன்பின் வட அமெரிக்காவின் நான்கு இதழ்ப் பூக்கள் கொண்ட இந்தக் குழுவை ஆசியாவின் ஸ்வெர்ஷியாக்களோடு சேர்த்து வைப்பதற்கு நியாயம் இல்லாமல் போயிற்று.

ஆகவே ஒரு தாளில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது, அந்தத் தாளைக் கடைசியாகப் பார்த்தவர் எந்தக் காலத்து நூலை மேசையில் வைத்திருந்தார் என்பதையே பெரும்பாலும் சொல்லும். நீங்கள் கண்ட இரண்டு கையெழுத்துகளில் ஒன்று சேகரித்தவருடையதாக இருக்கும். மற்றது பின்னாளில் வந்த ஆய்வாளர் ஒட்டிய திருத்தச் சீட்டாக இருக்கும். முதற்சீட்டை நாங்கள் ஒருபோதும் கிழிப்பதில்லை. அதன்மேல் எழுதித் திருத்துவதும் இல்லை. புதிய கருத்து புதிய சீட்டாக, எழுதியவரின் பெயரோடும் ஆண்டோடும் பக்கத்தில் ஏறும். நீங்கள் தட்டச்சு செய்யும்போது இரண்டையும் தனித்தனிப் புலங்களில், அவை உள்ளபடியே எழுதிவிடுங்கள். பிழை என்று தோன்றும் எழுத்தையும் திருத்த வேண்டா; அந்தப் பிழையே பின்னால் ஒருவருக்குத் துப்பாக உதவக்கூடும்.

இதில் உங்கள் கணக்கைப் பாதிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஃபிரசேரா என்ற பெயரை மட்டும் இட்டுத் தேடியிருந்தால், ஸ்வெர்ஷியா என்ற பெயரிலேயே தங்கிவிட்ட தாள்கள் உங்கள் பட்டியலில் விடுபட்டிருக்கலாம். சில தரவுத்தளங்கள் பழைய பெயர்களைத் தாமே இணைத்துத் தேடும். சில அவ்வாறு செய்யாது. எனவே எல்லாப் பெயர்களையும் தனித்தனியே இட்டுத் தேடி, பின்பு ஒன்று சேர்ப்பதே பாதுகாப்பானது. இந்தச் சிற்றினத்தின் இன்டூட்டா என்ற வகையையும் (வகை என்பது சிற்றினத்துக்குள் வரும் உட்பிரிவு) மறந்துவிடாதீர்கள். டைட்ஸ்ட்ராம் தனியே பெயரிட்டதை ஹேசல் கார்ட் வகை நிலைக்குக் கொண்டுவந்தார். மென்மயிர் போர்த்திருப்பதே அதன் அடையாளம். இன்டூட்டா என்ற லத்தீன் சொல்லுக்கே ஆடை உடுத்தது என்றுதான் பொருள். கலிஃபோர்னியாவில் அதைக் கிளார்க் மலையின் பெயரால் அழைக்கிறார்கள். ஒளிப்படத்தில் அந்த மயிரைக் காண்பது கடினம். தாளைக் கைவில்லையின் கீழ் வைத்துத்தான் சொல்ல முடியும். எனவே பழைய தாள் ஒன்றில் வகையின் பெயர் எழுதப்படாமல் இருந்தால், அது இன்டூட்டா இல்லை என்று கொள்ளாமல், வகை பார்க்கப்படவில்லை என்று மட்டும் கொள்ளுங்கள்.

ஃபிரசேராவை உறுதிசெய்யும் உறுப்பு இதழின் உட்புறத்தில் உள்ள தேன்குழி. அதன் விளிம்பில் இழைகள் குஞ்சம்போல் நிற்கும். உலர்ந்து ஒட்டிய பூவில் அது தெரியாது. உதிர்ந்த பூக்கள் தாளின் மூலையில் சிறு காகித உறையில் இருந்தால், காப்பாளரின் ஒப்புதலோடு அவற்றில் ஒன்றை வெந்நீரில் ஊறவைத்து விரித்துப் பார்ப்போம். நூறாண்டுகளுக்கு முன் பறித்த பூ நீரில் மெல்ல விரிந்து, குழியும் குஞ்சமும் அன்று இருந்தபடியே கண்முன் வரும் அந்த வேளைக்காகவே இந்தப் பணியில் இருக்கிறேன் என்று சொன்னால் அது மிகையாகாது.

திசைமானி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். பழைய சீட்டுகளின் இடக்குறிப்புகளைப் புவி ஆயங்களாக (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக) மாற்றும் பணியைச் சில காலம் செய்திருக்கிறேன்.

வரைபடத்தில் நீங்கள் காணும் புள்ளியைச் சேகரித்தவர் வைக்கவில்லை. அவர் எழுதிய சொற்களைப் பல பத்தாண்டுகள் கழித்து வேறொருவர் படித்து, அவற்றுக்குப் பொருந்தும் பரப்பின் நடுவில் அதை வைத்திருக்கிறார். நேர்மையாகச் செய்யப்பட்ட பணியாக இருந்தால், ஆயத்தொலைகளுக்குப் பக்கத்தில் பிழை ஆரம் (உண்மையான இடம் புள்ளியிலிருந்து எவ்வளவு தொலைவு வரை இருக்கலாம் என்னும் அளவு) என்றொரு புலம் மீட்டரில் கொடுக்கப்பட்டிருக்கும். முதலில் அந்தப் புலத்தைப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால் அந்தப் புள்ளியை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

எண்களோடு சொன்னால் இது தெளிவாகும். அமெரிக்க மேற்கில் பல சீட்டுகள் அரசு நில அளவை முறைப்படி இடத்தைக் குறிக்கின்றன. அம்முறையில் ஒரு டவுன்ஷிப் என்பது 6 மைலுக்கு 6 மைல் கொண்ட சதுரம். அது ஒவ்வொன்றும் 1 மைல் பக்கமுள்ள 36 பிரிவுகளாகப் பகுக்கப்படும். சீட்டில் பிரிவு எண் வரை இருந்தால், சதுரத்தின் நடுவிலிருந்து மூலை வரையுள்ள தொலைவு ஏறத்தாழ 1.1 கிலோமீட்டர், பிழை அவ்வளவுதான். டவுன்ஷிப் மட்டும் இருந்தால் அது 6.8 கிலோமீட்டராக உயர்ந்துவிடும். மலைத்தொடரின் பெயர் மட்டும் இருந்தால் ஆரம் இன்னும் பெரிதாகும். 1927ஆம் ஆண்டு அளவைத் தளத்தை (ஆயங்களைக் கணக்கிட அடிப்படையாகக் கொள்ளும் அமைப்பை) கொண்டு வரைந்த பழைய வரைபடங்களிலிருந்து ஆயங்களை எடுத்து, அவற்றை இன்றைய தளத்தில் அப்படியே வைத்துவிட்டால் கலிஃபோர்னியாவில் புள்ளி ஏறத்தாழ 80 முதல் 100 மீட்டர் வரை நகர்ந்துவிடும். சமவெளியில் இது சிறிய பிழை. செங்குத்தான பள்ளத்தாக்கில் 100 மீட்டர் நகர்ந்தால், நிழல் விழும் வடசரிவில் நின்ற செடியை வெயில் காயும் தென்சரிவில் ஏற்றிவைத்தது போலாகும்.

உயரக் குறிப்பை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். சீட்டில் 6,000 அடி என்றிருந்தால் அது ஏறத்தாழ 1,830 மீட்டர். அந்த மலையில் அவ்வுயரக் கோடு எங்கெல்லாம் செல்கிறதோ அங்கேயே செடி நின்றிருக்க வேண்டும். கிளார்க் மலையின் உச்சி ஏறத்தாழ 2,417 மீட்டர், கிங்ஸ்டன் தொடரின் உச்சி 2,230 மீட்டரை ஒட்டியது. இவற்றின் மேற்சரிவுகளில் பின்யான் பைனும் ஜூனிப்பரும் நிற்கும் வறண்ட திறந்த இடங்களே உங்கள் ஃபிரசேராவுக்கு உரியவை. அந்த வளையம் குறுகலானது. எனவே உயரக் கோட்டையும் மரக்காட்டின் எல்லையையும் சேர்த்துப் பார்த்தால், ‘கிளார்க் மலை’ என்ற ஒற்றைச் சொல்லின் பெரிய வட்டத்தைக் கணிசமாகச் சுருக்கிவிடலாம். மாறாக, தரவுத்தளத்தின் புள்ளி அடிவாரத்துக் கிரியோசோட் புதர்வெளியில் விழுந்திருந்தால், அங்கே நேர்ந்தது ஆயப் பிழை என்று ஐயுறுங்கள். செடி கீழே இறங்கி வளர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள்.

பெயர்கள் விரிக்கும் வலையையும் சொல்லிவிட வேண்டும். கிளார்க் மலை கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மாவட்டத்தில் இருக்கிறது. கிளார்க் மாவட்டமோ எல்லைக்கு அப்பால் நெவாடாவில் லாஸ் வேகஸ் நகரைச் சுற்றியுள்ளது. சீட்டில் ‘கிளார்க்’ என்று சுருக்கமாக எழுதியதைத் தவறாகப் படித்தால் செடி மாநிலமே மாறிவிடும். அதேபோல், நெவாடாவில் இன்று ஸ்பிரிங் மலைகள் என்று வழங்கும் தொடர் பழைய தாள்களில் சார்ல்ஸ்டன் மலைகள் என்றே இருக்கும். 1930களில் அங்கே மிகப் பெரும் எண்ணிக்கையில் சேகரித்த ஐரா குளோக்கி அந்தப் பெயரைத்தான் எழுதினார். நியூயார்க் மலைகள் என்று கண்டால் கிழக்குக் கடற்கரையை நினைத்துவிட வேண்டா. அதுவும் மொஹாவியில் உள்ள ஒரு தொடர்தான்.

அரிய செடிகளின் ஆயங்களைத் தரவுத்தளங்கள் வேண்டுமென்றே மறைப்பதும் மங்கலாக்குவதும் உண்டு. செடியைத் தோண்டிச் செல்வோரிடமிருந்து காப்பதற்காகச் செய்யப்படும் ஏற்பாடு அது. அதைப் பதிவின் குறையாகக் கணக்கிடாதீர்கள்.

கள்ளிக்காடு எழுதியது:

மூன்றாவது கேள்விக்காகவே உள்ளே வந்தேன். நான் நெவாடாவில் வேலை நிமித்தம் பல ஆண்டுகள் வசித்தவன். விடுமுறை நாள்களில் தாவரம் பார்க்கும் குழுக்களோடு அந்த மலைகளில் நடந்திருக்கிறேன். உங்கள் ஐயத்துக்கு என் விடை: அந்த இடைவெளியை மட்டும் வைத்து அழிந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு தாள் உறுதியாகச் சொல்வது, குறிப்பிட்ட நாளில் ஒருவர் அங்கே சென்றார், அந்தச் செடியைக் கண்டார், பறித்து அழுத்தி வைத்தார் என்பதையே. தாள் இல்லாத ஆண்டில் இந்த மூன்றில் எது நடக்கவில்லை என்பதைத் தாளின்மை சொல்லாது. பெரும்பாலும் முதலாவதே நடந்திருக்காது. 1891இல் ஃபிரெட்ரிக் கோவில் அரசின் டெத் வேலிப் பயணக்குழுவோடு சென்று பனமின்ட் மலைகள் உள்ளிட்ட பகுதிகளில் சேகரித்தார்; அவருக்குத் துணையாக இருந்த ஃபிரெட்ரிக் ஃபன்ஸ்டன் பின்னாளில் படைத்தளபதியாக அறியப்பட்டவர். அவ்வாறான பயணம் ஒன்று கடந்து சென்றபின், அடுத்த சேகரிப்பாளர் வரும்வரை மலை தாள்களில் மௌனமாகவே இருக்கும். பின்னாளில் ஆனி அலெக்சாண்டரும் லூயிஸ் கெல்லாகும் ஊர்தியை ஓட்டிக்கொண்டு பாலைவனத் தொடர்கள் பலவற்றுக்குச் சென்று பெர்க்லியின் உலர்தாவரகத்துக்கு ஆயிரக்கணக்கான தாள்களைச் சேர்த்தார்கள். நீங்கள் கண்ட கொத்து இத்தகைய ஒருவரின் இரண்டு மூன்று கோடைகளாக இருக்கக்கூடும். எனவே இறக்கிய அட்டவணையை ஆண்டுவாரியாக அடுக்குவதற்கு முன் சேகரித்தவரின் பெயர்வாரியாக ஒருமுறை அடுக்கிப் பாருங்கள்.

அதோடு, ஒரே நாளில் ஒரே சேகரிப்பு எண்ணில் எடுத்த செடிகளைப் பல படிகளாகப் பிரித்து வெவ்வேறு உலர்தாவரகங்களுக்கு அனுப்புவது இத்துறையின் பழைய வழக்கம். குளோக்கியின் தாள்கள் இப்படி நாடெங்கும் பரவியிருக்கின்றன. தரவுத்தளத்தில் ஐந்து பதிவுகளாகத் தெரிவது, மலையில் ஒரே ஒரு பறிப்பாக இருக்கலாம். அவற்றை ஒன்றாகச் சேர்த்து எண்ணினால் கொத்தின் உயரம் குறையும். கொத்து குறைந்தால் அதன் பின்னே வரும் வெறுமையும் அவ்வளவு அச்சமூட்டாது.

இழப்புகளும் உண்டு. 1906ஆம் ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திலும் தீயிலும் கலிஃபோர்னிய அறிவியல் கழகத்தின் உலர்தாவரகம் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. ஆலிஸ் ஈஸ்ட்வுட் இடிந்த கட்டடத்துக்குள் ஏறிச் சென்று ஏறத்தாழ 1,500 வகைமாதிரிகளை (ஒரு செடிக்குப் பெயரிடும்போது அதற்கு அடிப்படையாக வைக்கும் மாதிரிகளை) மீட்டார். அவர் அவற்றைத் தனி அலமாரியில் முன்னரே பிரித்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. எரிந்துபோன மற்றத் தாள்களில் எந்தெந்த மலையின் எந்தெந்த ஆண்டு இருந்தது என்பதை இன்றைய அட்டவணை காட்டாது.

எனக்கு மிகவும் பொருளுள்ளதாகத் தோன்றும் எடுத்துக்காட்டு இதே பேரினத்தின் இன்னொரு சிற்றினம். ஜேம்ஸ் ரிவீல் 1971இல் பெயரிட்ட ஃபிரசேரா பஹூட்டென்சிஸ், தெற்கு நெவாடாவின் பஹூட்டே மேட்டுநிலத்தின் பெயரைத் தாங்கியது. அந்த மேட்டுநிலம் அணுகுண்டுச் சோதனைக் களத்துக்குள் இருக்கிறது. அங்கே யாரும் நினைத்தபோது செல்ல முடியாது. சோதனைகளின் தாக்கத்தை ஆராயும் திட்டத்தில் பணியாற்றிய ஜானிஸ் பீட்லி போன்றவர்கள் 1960களில் உள்ளே சென்று சேகரித்ததால்தான் அந்தப் பகுதியின் தாவரங்களை அறிவியல் இவ்வளவு விரிவாக அறிந்தது. அங்கே பதிவுகள் ஏறி இறங்குவதை, நுழைவு ஒப்புதலைக் கணக்கில் கொள்ளாமல் படித்தால் முற்றிலும் தவறான வரலாறு கிடைக்கும்.

ஜென்ஷியன் குடும்பத்திலேயே, செடி இருந்தும் அகப்படாமல் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மேற்கு மலைகளில் ஆள் உயரத்துக்கு எழும் ஃபிரசேரா ஸ்பீசியோசா பல பத்தாண்டுகள் தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகவே கிடந்து, வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடிகிறது. ஒரு மலையின் செடிகள் பலவும் குறிப்பிட்ட ஆண்டில் சேர்ந்து பூக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் பூந்தண்டு அரிதாகவே தெரியும். கொலராடோவின் ராக்கி மலைகளில் டேவிட் இனூயே பல்லாண்டுகளாக இதைக் கண்காணித்து எழுதியிருக்கிறார். பூவில்லாத செடியைச் சேகரிப்பவர்கள் குறைவு. உங்கள் ஆல்போமார்ஜினாட்டாவும் இப்படித்தான் வாழ்கிறது என்று நான் சொல்லவில்லை. அது மே முதல் ஜூலை வரை பூக்கும் செடி. ஆனால் பூக்காலத்துக்கு வெளியே சென்றவர்களின் பயணங்களை ‘தேடியும் கிடைக்கவில்லை’ என்ற கணக்கில் சேர்க்க முடியாது என்பது அதற்கும் பொருந்தும்.

அப்படியானால் எதை வைத்துத்தான் அழிவைச் சொல்வது என்று கேட்பீர்கள். செடி வாழும் சூழலே அழிந்ததற்கான சான்று வேண்டும். ஆஷ் மெடோஸ் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. லாஸ் வேகஸுக்கு வடமேற்கே பாலைவனத்தின் நடுவில் ஊற்றுகள் பொங்கும் அந்த இடத்தின் ஜென்ஷியன் குடும்பச் செடி ஒன்றுக்கு 1973இல் ரிவீல், புரூம், பீட்லி மூவரும் சென்டாரியம் நாமோஃபிலம் என்று பெயரிட்டார்கள். ‘ஊற்றை விரும்புவது’ என்பது அதன் பொருள். 2004இல் கியெம் மான்சியோன் பேரினத்தைப் பிரித்ததிலிருந்து அது செல்ட்னெரா நாமோஃபிலா. பயிர்த்தொழிலுக்காக அங்கே ஊற்றுநீரைத் திருப்பியதும் நிலத்தைச் சமன் செய்ததும் நேரில் தெரிந்தவை. அந்தச் சான்றுகளின் மேல் நின்றுதான் 1984இல் வனவுயிர்க் காப்பகமும், 1985இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் என்ற சட்டப் பாதுகாப்பும் வந்தன. தாள்கள் அங்கே துணைச் சான்றாக நின்றன. தாள்களின் வெறுமையை யாரும் சான்றாகக் காட்டவில்லை.

தாளறை எழுதியது:

கள்ளிக்காடு அவர்கள் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை சேர்க்க விரும்புகிறேன். இடைவெளிக்கு எப்போதும் சேகரிப்பாளரே காரணம் என்று பழகிவிட்டால், உண்மையான இழப்பு ஒன்று நேரும்போது அதையும் நாம் கடந்துபோய்விடுவோம். பாலைவன மலைகளின் உயர்ந்த பகுதிகள் தாழ்ந்த வெளிகளால் சூழப்பட்ட தீவுகள் போன்றவை. கிளார்க், கிங்ஸ்டன், நியூயார்க் ஆகிய மூன்று தொடர்களிலும் வெள்ளை ஃபிர் மரங்கள் சிறு தோப்புகளாக இன்றும் நிற்கின்றன. அவை குளிர்ந்த பழங்காலத்தின் எச்சம். வெப்பம் கூடினால் மேலே ஏறிச் செல்ல அங்கே இடமில்லை. ஆகவே வெறுமையைக் கண்டவுடன் அஞ்சவும் வேண்டா, அதைத் தள்ளிவிடவும் வேண்டா. அதே மலையில், அதே வெற்று ஆண்டுகளில், அதே பருவத்தில் மற்ற பின்யான் காட்டுச் செடிகள் சேகரிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவையும் இல்லையென்றால் மலைக்கு யாரும் செல்லவில்லை. அவை நிறைய இருந்து ஃபிரசேரா மட்டும் இல்லையென்றால், அது கேட்க வேண்டிய கேள்வி.

வெள்ளறுகு எழுதியது:

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நான்கு நாள்கள் உட்கார்ந்து சொன்னபடியே செய்து பார்த்தேன். ஸ்வெர்ஷியா என்ற பெயரில் தேடியபோது முன்பு விடுபட்டிருந்த தாள்கள் உண்மையாகவே வந்தன. அவற்றுள் இரண்டு, நான் வெறுமை என்று எண்ணியிருந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை. சேகரித்தவர் பெயர், எண், நாள் மூன்றையும் ஒப்பிட்டு இரட்டைப் படிகளை ஒன்றாக்கியதும் கொத்து பாதிக்கும் கீழாகக் குறைந்தது; எஞ்சியவை பெரும்பாலும் ஒரே கைப்பட எழுதியவை. பிறகு அதே மலையின் பின்யான், ஜூனிப்பர், செந்தூரிகைப் பூக்கள் ஆகியவற்றின் பதிவுகளை இறக்கி, மே முதல் ஜூலை வரையுள்ளவற்றை மட்டும் பிரித்தேன். வெறுமையின் முற்பகுதியில் அவையும் இல்லை. பிற்பகுதியில் ஓரளவு இருக்கின்றன, ஃபிரசேரா இல்லை. அந்தப் பிற்பகுதியைப் பற்றி நான் என்ன எழுதலாம்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அண்மைய ஆண்டுகளில் அதே தொடரிலிருந்து பொதுமக்கள் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இட்ட ஒளிப்படங்களில் வெள்ளை விளிம்பு இலைச் செடி ஒன்றைக் கண்டேன். தாள் இல்லாத அந்தப் படத்தைக் கணக்கில் சேர்க்கலாமா?

கள்ளிக்காடு எழுதியது:

மிக அழகாகச் செய்திருக்கிறீர்கள். படத்தில் வெள்ளை விளிம்பும், புள்ளியுள்ள நான்கு இதழ்ப் பூவும் தெளிவாகத் தெரிந்தால் சிற்றினம் அங்கே உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது போதும். இலை மட்டும் இருந்தால் போதாது. அங்கே வேறு ஃபிரசேராவும் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். வகை நிலையை அந்தப் படத்தை வைத்துப் பேச வேண்டா, மயிர் தெரியாது. படத்துக்குக் கீழே கருத்து இட்டு, அடுத்த முறை செல்லும்போது தண்டையும் இலையின் அடிப்புறத்தையும் நெருக்கமாக எடுக்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். நான் அறிந்தவரை மலை நடப்பவர்கள் இத்தகைய வேண்டுகோளை மகிழ்ச்சியோடு ஏற்பார்கள். செடியைப் பறிக்கச் சொல்லாதீர்கள். கிளார்க் மலை 1994 முதல் மொஹாவி தேசியக் காப்பிடத்தின் பகுதி. எழுத்து ஒப்புதல் இல்லாமல் அங்கே ஓர் இலையையும் எடுக்கக் கூடாது.

தாளறை எழுதியது:

பிற்பகுதியைப் பற்றி, ஐயா, இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: ‘இந்தத் தொடரில் இந்த ஆண்டுகளுக்கு இடையே, பூக்கும் பருவத்தில் பிற செடிகளைச் சேகரித்த பயணங்கள் இத்தனை; அவற்றுள் ஃபிரசேரா ஆல்போமார்ஜினாட்டா பதிவாகவில்லை; பயணங்களின் பாதை பழைய பதிவுகளின் சரிவைத் தொட்டதா என்பது சீட்டுகளிலிருந்து தெரியவில்லை.’ அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பாதை தெரிய வேண்டுமானால் சேகரித்தவர்களின் களக்குறிப்பேடுகளைப் பார்க்க வேண்டும். பல உலர்தாவரகங்கள் அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன, சில ஒளிவருடியும் இட்டிருக்கின்றன. தாளில் இல்லாத செடிகளையும் சிலர் குறிப்பேட்டில் ‘கண்டேன், எடுக்கவில்லை’ என்று எழுதியிருப்பார்கள். எந்தச் சேகரிப்பாளர்கள் என்று உங்கள் அட்டவணையைப் பகிருங்கள். எவருடைய குறிப்பேடு எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்க்க நான் உதவுகிறேன்.